வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு

வடசென்னையின் முதல் தொழிற்சாலை எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் வெயில் என்பேன். வண்ணாரப்பேட்டை என்ற பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணியைத் துவைத்து வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. வெளுப்பது என்றால் இன்றைக்கு மாதிரி பாக்கெட் பவுடர் இல்லை. துணியை நனைத்து, தரையில் விரித்து, காயக் காய மறுபடி நனைத்து, வெயிலிடம் விட்டுவிட வேண்டும். கொஞ்சம் வடக்கே போனால் எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் உப்பளங்கள். அங்கேயும் வேலை செய்தது வெயில்தான். காசிமேட்டில் கருவாடு காய்ந்ததும் அதே வெயிலில். துணி வெளுக்க, உப்பு விளைய, மீன் காய, மூன்றுக்கும் எரிபொருள் செலவு கிடையாது.

அந்த ஏரியாவில் இன்று ஒரு சின்ன அறைக்குள் அலமாரி போட்டு, தட்டில் கீரை விதை தூவி, மேலே விளக்கு கட்டி, 'கூடுதல் புற ஊதா ஒளி கொடுத்தால் சத்து கூடுமா?' என்று யோசிக்கிறோம். 'யோசிக்கிறோம்' என்பதில் நானும் அடக்கம். திருவொற்றியூரில் வீட்டு ஜன்னலோரம் முளைக்கீரை, கடுகு, வெந்தயம் என்று தட்டுகளில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். பேர் மைக்ரோகிரீன்ஸ். விதை முளைத்து, முதல் இரண்டு இலை விரிந்து, அடுத்த இலை எட்டிப் பார்க்கிற நேரத்தில், ஏழு முதல் பதினைந்து நாளுக்குள் கத்தரித்துச் சாப்பிடுவது. காலடிப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் அக்காவிடம் இந்த விளக்குச் சமாச்சாரத்தைச் சொன்னபோது, "இன்னாபா, கீரைக்கு ட்யூப்லைட்டா? வெயிலு இன்னா கடன் கேக்குதா?" என்றார்.

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. வெயில் கொட்டுகிற ஊரில் வெயிலுக்குப் பதிலாக விளக்கு என்ற யோசனை எங்கே இருந்து வந்தது? தேடிப் போனால் இருநூறு வருஷக் கதை. அதில் கீரை, எலி, குழந்தைகளின் கால் எலும்பு, மதுரை எல்லாம் வருகின்றன. கதை நெடுக ஒரு பொருள் கூடவே வருகிறது. அது நிலக்கரி.

*

1801-ல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் யோஹான் ரிட்டர் என்ற இளைஞர் வெயிலை முப்பட்டகக் கண்ணாடியில் பிரித்தார். வெள்ளி குளோரைடு தடவிய தாளை ஒவ்வொரு நிறத்திலும் பிடித்துப் பார்த்தார். அந்த உப்பு ஒளி பட்டால் கறுத்துப்போகும். ஊதா நிறத்தில் வேகமாகக் கறுத்தது. ஊதாவைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் இன்னும் வேகமாகக் கறுத்தது. அங்கே ஏதோ இருக்கிறது. அந்த 'ஏதோ'தான் புற ஊதா. சாயத்தை வெளுப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். வண்ணாரப்பேட்டைக்காரர்கள் பேர் வைக்காமலே தினமும் வேலை வாங்கிக்கொண்டிருந்த கதிர் இது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவின் தொழில் நகரங்கள் கரிப்புகையில் மூழ்கின. அங்கே பிள்ளைகளுக்கு ஒரு நோய்: எலும்பு கெட்டிப்படாமல் கால் வில் மாதிரி வளைந்துவிடும். ரிக்கெட்ஸ். 1890-ல் தியோபால்ட் பாம் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒரு காரியம் செய்தார். ஜப்பானில் மிஷனரியாக இருந்தவர் அவர். சீனா, ஜப்பான், இந்தியா என்று பல ஊர்களில் இருந்த மிஷனரிகளிடம் விசாரித்தார். வறுமையும் நெரிசலும் இருந்தும் வெயில் இருக்கிற நாடுகளில் இந்த நோய் அரிதாக இருந்தது. வசதியும் மருத்துவமும் இருந்தும் புகை மூடிய நகரங்களில் ஏராளமாக இருந்தது. அவர் எழுதிய மருந்து: பிள்ளைகளை வெயிலில் விடுங்கள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1903-ல் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் நோபல் பரிசு வாங்கினார். கார்பன் ஆர்க் விளக்கின் ஒளியைக் கொண்டு தோல் காசநோயைக் குணப்படுத்தியதற்காக. வெயிலின் வேலையை விளக்கு செய்யும் என்பது அங்கே உறுதியானது. 1919-ல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கின் புற ஊதா ஒளியை ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகள் மேல் பாய்ச்சினார். எலும்பு கெட்டிப்படுவது எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் இன்னொரு கையும் குணமானது. அப்படியென்றால் தோலில் ஏதோ உருவாகி ரத்தத்தில் போகிறது. 1921-ல் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஹெஸ் விளக்கு கூட இல்லாமல், ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் குழந்தைகளை வெயிலில் கிடத்தியே குணப்படுத்திக் காட்டினார்.

அடுத்து வருகிறது நம்ம கீரை. 1924-ல் இதே ஹெஸ், மில்ட்ரெட் வைன்ஸ்டாக் என்பவரோடு சேர்ந்து, லெட்யூஸ் கீரை மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி எலிகளுக்குக் கொடுத்தார். சும்மா கொடுத்த கீரை ரிக்கெட்ஸைத் தடுக்கவில்லை. ஒளி பட்ட கீரை தடுத்தது. அதே சமயம் விஸ்கான்சினில் ஹாரி ஸ்டீன்பாக்கும் எலித் தீவனத்தில் அதையே கண்டார். குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றது. அவர் தனக்கு வாங்கிக்கொள்ளாமல், பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கென்று 1925-ல் தொடங்கிய அறக்கட்டளை வழியாகக் காப்புரிமையை நடத்தினார். பால், ஓட்ஸ், ஈஸ்ட் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் குளித்து 'வைட்டமின் டி' ஆகி வெளியே வந்தன. வேலை செய்தது எர்கோஸ்டெரால் மாதிரியான கொழுப்புப் பொருள் என்பது பிறகு தெரிந்தது. ஈஸ்ட்டிலும் காளானிலும் அது நிறைய. அதனால் இன்றும் காளானை வெயிலில் வைத்தால் டி ஏறும். கீரையை நம்பி டி கணக்குப் போட முடியாது.

கவனிக்க வேண்டியது இந்த வரிசை. கரி எரிந்தது. புகை வெயிலை மறைத்தது. பிள்ளைகளின் கால் வளைந்தது. அப்புறம் விளக்கு வந்தது. அந்த விளக்குக்கு மின்சாரம் பெரும்பாலும் கரியை எரித்துத்தான் வந்தது. வெயிலை மறைத்ததும், வெயிலுக்குப் பதில் விற்றதும் ஒரே அடுப்பு.

*

அந்தக் காலத்தில் நம்ம பக்கம் என்ன நடந்தது? குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாடுகளைக் கொடுத்து எது எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கோதுமை, பால், காய்கறி என்று சாப்பிட்ட எலி நன்றாக வளர்ந்தது. மெட்ராஸ் சாப்பாடு சாப்பிட்ட எலி கடைசி வரிசையில் நின்றது. அவருக்குப் பின் வந்த வாலஸ் அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் பிறகு ஐதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

அங்கே கேட்ட கேள்வி, என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பது. வெயில் எவ்வளவு என்பது அட்டவணையில் வரவில்லை. வரத் தேவையும் இல்லை. பதின்மூன்று டிகிரி அட்சரேகையில் இருக்கிற சென்னைக்குச் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் கடைசியில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. பூமத்திய ரேகைப் பக்கம் ஓசோன் போர்வையும் இயல்பிலேயே மெல்லியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற ஊதாக் குறியீட்டில் 11-ஐத் தொட்டாலே 'மிகக் கடுமை'. நம்ம கோடை மதியத்துக்கு அது சாதாரணம். இந்த ஊரில் 'கூடுதல் புற ஊதா' என்று சொல்வது கடலில் உப்புப் போடுகிற கதை.

அப்படியும் போட்டுப் பார்த்தார்கள். காரணம் சத்து அல்ல, பயம். 1985-ல் அண்டார்டிகா மேல் ஓசோன் ஓட்டை தெரிந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். ஓசோன் குறைந்தால் யூவி-பி என்ற அலைநீளப் பகுதி, அதாவது 280-லிருந்து 315 நானோமீட்டர் வரை உள்ளது, தரைக்கு அதிகம் வரும். பயிர் என்ன ஆகும்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜி. குழந்தைவேலுவும் அவரோடு வேலை செய்த நெடுஞ்செழியன், லிங்ககுமார் போன்றவர்களும் இந்தக் கேள்வியைத் தட்டைப்பயறு நாற்றுகளிடம் கேட்டார்கள். 1989-லிருந்து வெளிநாட்டுத் தாவரவியல் இதழ்களில் அந்த முடிவுகள் வந்தன. யூவி-பி கூடினால் செடி குட்டையாகிறது, இலை சிறுக்கிறது, ஒளிச்சேர்க்கை குறைகிறது. கூடவே இலையில் ஃபிளேவனாய்டு என்ற பொருட்கள் கூடுகின்றன. அது செடி தனக்குத்தானே தடவிக்கொள்ளும் சன்ஸ்கிரீன். 2003-ல் புதுச்சேரியைச் சேர்ந்த ராஜேந்திரனும் ராமானுஜமும் பச்சைப்பயறில் இதே பாதிப்பைப் பார்த்து, ஒரு பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்து அதைக் குறைக்க முடியுமா என்று சோதித்தார்கள். முடிந்தது.

மதுரை என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது: முளைப்பாரி. அம்மன் திருவிழாவுக்கு மண்சட்டியில் நவதானியம் போட்டு, வெளிச்சம் படாத அறையில் வைத்து, தண்ணீர் தெளித்து, சுற்றிக் கும்மி கொட்டி வளர்ப்பார்கள். வெளிச்சம் இல்லாததால் நாற்று வெளிர்மஞ்சளாக, மெல்லிசாக, நெடுநெடுவென்று வரும். விதைக்குள் இருக்கிற சேமிப்பை எல்லாம் செலவழித்து ஒளியைத் தேடி ஓடுகிற நாற்று அது. அழகு, பக்தி, வேண்டுதல் எல்லாம் அந்த உயரத்தில் இருக்கிறது. ஒரே ஊரில், வீட்டில் ஒளியே இல்லாமல் வளர்த்த நாற்று ஒரு பக்கம். பல்கலைக்கழகத்தில் ஒளி மிஞ்சிப்போன நாற்று இன்னொரு பக்கம். ஒளி செடிக்கு என்ன செய்கிறது என்பதன் இரண்டு எல்லையும் மதுரையில் இருந்திருக்கிறது.

*

மைக்ரோகிரீன்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. அமெரிக்க உணவகங்களில் தட்டின் ஓரத்து அலங்காரமாகத் தொடங்கியது. 2012-ல் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அமெரிக்க வேளாண் துறையும் 25 வகை நாற்றுகளை அளந்து பார்த்தன. வைட்டமின் சி-யில் சிவப்பு முட்டைக்கோஸ் முதலிடம், கரோட்டினாய்டுகளில் கொத்தமல்லி, வைட்டமின் கே-யில் சிவப்புத் தண்டுக்கீரை, வைட்டமின் ஈ-யில் ஒரு முள்ளங்கி. அதாவது நம்ம கீரைக்கூடையில் பாதி. அந்தக் கட்டுரைக்குப் பின் அலங்காரம் 'சூப்பர் ஃபுட்' ஆனது. அறைக்குள் அடுக்கி எல்.இ.டி. விளக்கில் வளர்ப்பது தொழிலானது.

அறைக்குள் போனதும் ஒன்று தொலைந்தது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-பியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடும். வெள்ளை எல்.இ.டி.யில் அது கிடையவே கிடையாது. செடிக்கு இது வெறும் வெளிச்சக் குறைவு இல்லை. ஒரு தகவல் வராமல் போவது. இலைக்குள் யூ.வி.ஆர்.8 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது யூவி-பியை உணரும் கருவி என்று 2011-ல் நிரூபித்தார்கள். சாதாரணமாக இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். யூவி-பி பட்டதும் ஜோடி பிரியும். பிரிந்தது செல்லின் உட்கருவில் வேலை செய்து, ஃபிளேவனாய்டு தயாரிக்கும் ஜீன்களை முடுக்கிவிடும். 'வெளியே வெயில் காய்கிறது, குடை பிடி' என்று சொல்கிற காவல்காரன். கண்ணாடி அறைக்குள் அவனுக்கு வேலையே இல்லை.

அதனால் சின்ன அளவில் யூவி கொடுத்துப் பார்க்கிறார்கள். லித்துவேனியாவில் யூவி-ஏ எல்.இ.டி.களைக் கொண்டு துளசி வகை, பீட்ரூட், பாக்சாய் நாற்றுகளில் செய்த சோதனைகள் இதில் முக்கியமானவை. இதுவரை தெரிந்ததைச் சுருக்கினால்: ஃபீனால், ஃபிளேவனாய்டு, ஆந்தோசயனின் போன்றவை பல வகைகளில் கூடுகின்றன, எந்த அலைநீளம், எத்தனை மணி நேரம், எந்தச் செடி என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது, அளவு மிஞ்சினால் நாற்று குட்டையாகி, எடை குறைந்து, இலை கருகும். எடைக்கு விற்பவருக்கு அது நேரடி நஷ்டம். மதுரையில் தட்டைப்பயறு காட்டிய அதே குட்டைத்தனம், அதே ஃபிளேவனாய்டுதான். ஆய்வாளர் அன்று 'பாதிப்பு' என்று எழுதிய பத்தி, இன்று பாக்கெட்டில் 'ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம்' என்று அச்சாகிறது. செடியின் அவஸ்தைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இன்னொரு இந்திய ஆய்வையும் இங்கே வைக்க வேண்டும். இந்தூரில் கே.என். குருபிரசாத் குழுவினர் நேர்மாறாகச் செய்தார்கள். வெயிலில் நிற்கிற சோயாச் செடிக்கு மேல் புற ஊதாவை மட்டும் வடிகட்டுகிற தாளைக் கட்டினார்கள். செடி இன்னும் நன்றாக வளர்ந்தது. அதாவது நம்ம வெயிலில் நிற்கிற பயிர் ஏற்கெனவே புற ஊதாவுக்கு ஈடு கொடுத்துக்கொண்டேதான் வளர்கிறது. 'கூடுதல்' என்ற சொல், குளிர்காலமும் கண்ணாடிக் கூடாரமும் உள்ள நாட்டில் பிறந்த சொல்.

நானும் பார்த்தேன். ஒரே சிவப்புத் தண்டுக்கீரை விதை, இரண்டு தட்டு. மூடிய ஜன்னலுக்கு உள்ளே இருந்தது நீளமாக, சாய்ந்து, வெளிர்ச் சிவப்பில் வந்தது. மொட்டை மாடியில் இருந்தது குட்டையாக, தடிப்பாக, அடர் சிவப்பில் நின்றது. இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். மாடியில் காற்று, சூடு, மொத்த வெளிச்சம் எல்லாமே வேறு. தண்டுக்கீரையின் சிவப்பு பீட்டாசயனின் என்ற வேறு ரகச் சாயம் என்பதும் உண்டு. ஆனால் எந்தத் தட்டு வெயிலைப் பார்த்தது என்று கண்ணைக் கட்டிவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாலும் சொல்லிவிடலாம்.

*

அப்புறம் என்ன, மாடியில் வைக்க வேண்டியதுதானே? அக்கா கேட்டதும் அதுதான். இங்கேதான் வடசென்னை குறுக்கே வருகிறது.

1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அது 2017-ல் மூடப்படுவதற்குள் பக்கத்திலேயே மற்றவை வந்துவிட்டன: 1994-லிருந்து வடசென்னை அனல் மின் நிலையம், 2012-லிருந்து வல்லூர். உப்பளமும் சதுப்பும் இருந்த இடங்களில் சாம்பல் குளங்கள். கரியைக் கப்பலில் இருந்து இறக்குவது, அடுக்குவது, எரிப்பது, சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழாயில் அனுப்புவது எல்லாம் ஒரு சின்ன வட்டத்துக்குள் நடக்கிறது. அந்தக் குழாய்கள் ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்ததை மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. காற்றில் வரும் தூசு இலை மேல் உட்கார்ந்தால், வெளிச்சத்தை மறைக்கும், இலைத்துளைகளை அடைக்கும், இலையைச் சூடாக்கும். வளர்ந்த கீரையைக் கழுவலாம். ஒரு அங்குல உயரத்தில் நெருக்கமாக நிற்கும் நாற்றில் படிந்ததைக் கழுவி எடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அதனால்தான் இந்தப் பக்கம் தட்டு வீட்டுக்குள் போகிறது.

சென்னை வானம் 1890-ன் கிளாஸ்கோ வானம் ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. மேலே இன்னும் எக்கச்சக்கமாக வெயில் இருக்கிறது. ஆனால் வெயில் இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் கதவைச் சாத்திக்கொள்வது அதே கதையின் இன்னொரு வடிவம்.

ஒரு கணக்குப் போடுவோம். நூறு வாட் விளக்கு, நாளுக்கு 12 மணி நேரம், பத்து நாள்: 12 யூனிட். அந்த மின்சாரம் முழுக்க நிலக்கரியில் இருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், யூனிட்டுக்குச் சுமார் 650 கிராம் கரி வீதம் ஏறக்குறைய 8 கிலோ. இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று குறைத்தே வைத்தாலும் இரண்டரைக் கிலோ. அதில் பெரும்பகுதி புகைபோக்கிக்குப் போகும் முன்பே பிடிக்கப்படும், மிச்சம் காற்றில். சில தட்டுக் கீரையைத் தூசியில் இருந்து காப்பாற்ற இரண்டரைக் கிலோ சாம்பலை உண்டாக்குகிறோம். நிலக்கரி என்பதே கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் செடிகள் வாங்கி வைத்த வெயில். அதை எரித்து, இன்றைக்கு இலவசமாக விழுகிற வெயிலுக்கு மாற்றாக வைக்கிறோம்.

யாருக்காக என்பதையும் கேட்க வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வு (2019–21) சொல்வது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. ரத்தசோகைக்கு வேண்டியது இரும்பு, ஃபோலிக் அமிலம், புரதம், வயிறு நிறைய சாப்பாடு. யூவி ஒளி கூட்டுகிற ஃபிளேவனாய்டு நல்லதுதான். ஆனால் அது ரத்தசோகைக்கு மருந்து இல்லை. சின்ன டப்பாவில் விற்கும் மைக்ரோகிரீன்ஸ் விலைக்கு அக்காவிடம் ஒரு வாரத்துக்குக் கீரை வாங்கலாம்.

இதற்காக மைக்ரோகிரீன்ஸ் வளர்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் வளர்க்கிறேன், வளர்ப்பேன். செய்யக்கூடியது எளிது. அறைக்குள் முளைக்கவிட்டு, கடைசி இரண்டு மூன்று நாள், காற்று அடங்கிய காலை நேரத்தில், கண்ணாடி குறுக்கே இல்லாமல் நேர் வெயிலில் சில மணி நேரம் வையுங்கள். யூ.வி.ஆர்.8 தன் வேலையைப் பார்க்கும். ஆன்லைனில் கிடைக்கிற கிருமிநாசினி யூவி-சி விளக்கை மட்டும் வாங்கிக் கீரை மேல் கட்டிவிடாதீர்கள். அது இந்த வேலைக்கானதே அல்ல. கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

1890-ல் பாம் எழுதியதை இன்னொரு முறை யோசிக்கிறேன். பிள்ளைகளை வெயிலில் விடுங்கள் என்று சொன்னார். அதைக் கேட்டிருந்தால் முதலில் புகையைக் குறைத்திருக்க வேண்டும். அது செலவு, அதோடு முதலாளிகளைப் பகைத்துக்கொள்வது. விளக்கு விற்பது சுலபமாக இருந்தது, விளக்கு வந்தது. லண்டன் காற்று தெளிய ஆரம்பித்தது ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற 1952 புகைமூட்டத்துக்கும், 1956 சுத்தக் காற்றுச் சட்டத்துக்கும் பிறகுதான்.

வடசென்னைக்கு வேண்டிய புற ஊதா ஒளி தினமும் காலை ஆறு மணிக்குக் கடலில் இருந்து எழுந்து வருகிறது. அதற்குக் கீழே ஒரு கீரைத்தட்டை வெளியே வைக்க முடிகிற காற்று வேண்டும். கேட்க வேண்டியது அந்தக் காற்றை.